பிரிக்காத முப்பத்தேழு கவர்கள்

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேஜையில் நூபியா விட்ட வார்த்தை, யோலிமாவுக்கு வெள்ளிக்கிழமை வரை ஜீரணமாகவில்லை. "உங்க பிரிவுல அப்படி என்னக்கா வேலை? நாங்க செஞ்சதுக்கு சீல் குத்தறதுதானே?" என்று கேட்டுவிட்டு, அதே வாயால் இன்னொரு கரண்டி பீன்ஸும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் தங்கை. ஐந்து நாளாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், தலையைக்கூடச் சரியாக வாராமல், கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு அதே நூபியா நிற்கிறாள்.

"கோபமா இருக்கியாக்கா?"

"கோபப்பட நேரம் எங்க? சீல் குத்தவே நேரம் போதலை."

அடுப்படியில் சோள ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த அர்னுல்ஃபோ எட்டிப் பார்த்தார். யோலிமாவின் கணவர், முப்பது வருடம் மனிசாலேஸ் நகரப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "என்ன கொழுந்தியா, இந்த நேரத்துல? அப்ப இன்னிக்கு எதுக்கோ கடைசி நாள்."

"அத்தான், காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க."

ஆனால் அவர் சொன்னது சரி. இன்றைக்கு மாலை நாலு மணிக்கு அமைச்சகத்தின் ஆன்லைன் படிவம் மூடுகிறது. நாட்டில் உள்ள ஒவ்வொரு ஆராய்ச்சிக் குழுவும், தன் ஆராய்ச்சியால் வெளியில் இருக்கிற மனிதருக்கு என்ன பலன் என்று அதில் காட்ட வேண்டும். எத்தனை கட்டுரை போட்டாய் என்பது இந்த வருடம் போதாது. பலன் கிடைத்தது என்று அந்த ஊர்க்காரர்களே கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும்.

யோலிமா ஆராய்ச்சி உதவிப் பிரிவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறாள். இந்தப் பிரிவுக்காரர்களின் ஞாபகம் பேராசிரியர்களுக்கு எப்போது வரும் என்று அவளைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவாள். ஆராய்ச்சி ஆரம்பிக்கும்போது வராது. நடுவில் வராது. படிவம் மூடுகிற அன்று காலையில் வரும்.

நூபியா ஃபைலிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். யோலிமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். 'எல் குவாதுவால் ஊர்க் குடிநீர்ச் சங்கத் தலைவியாகிய ஓஃபிர் மருலாண்டா என்னும் நான், முனைவர் நூபியா ஓஸ்பினா குழுவினரின் ஆராய்ச்சியால் எங்கள் முப்பத்தேழு குடும்பங்களும் பெரும்பயன் அடைந்ததை மனமார உறுதி செய்கிறேன்.'

"இதை அவங்களா எழுதினாங்க?"

"நான்தான் எழுதினேன். அவங்களுக்குக் கையெழுத்துப் போடற வேலை மட்டும்தான்."

"ஓ, அவங்களுக்கும் சீல் குத்தற வேலையா?"

நூபியா சண்டைக்கு வரவில்லை. சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வயதுக்கு அந்த முகத்தில் களைப்பு அதிகம். "விளையாடாதேக்கா. இந்தத் தடவை தரவரிசையில எங்க குழுவை ஒரு படி கீழ இறக்கினா ஆய்வகத்தை மூடிடுவாங்க. மூணு பேருக்கு வேலை போயிடும். பதினோரு வருஷ உழைப்பு. எட்டு மணிக்கு என் மாணவிக்கு ஆய்வுத் தேர்வு, நான் நகர முடியாது. அந்த ஓஃபிர் அம்மாவோட எப்பவும் போன்ல பேசினது நீதானே. நீ கேட்டா போடுவாங்க."

யோலிமா உள்ளே போய் ஸ்வெட்டரை எடுத்தாள். தங்கை கேட்டு அவள் எதை மறுத்திருக்கிறாள்? அப்பா செத்த வருடம், வேதியியல் இரண்டாம் ஆண்டோடு தன் படிப்பை நிறுத்திவிட்டு, அதே பல்கலைக்கழகத்தில் கோப்பு தூக்கப் போனவள் அவள். அந்தச் சம்பளத்தில்தான் இவள் முனைவரானாள்.

"நீங்க வண்டியை எடுங்க" என்றாள் அர்னுல்ஃபோவிடம்.

"ரொட்டி?"

"கையில எடுத்துக்கோங்க."

*

எல் குவாதுவாலுக்கு இரண்டரை மணி நேரம். முதல் பாதி தார் ரோடு, மறு பாதி சேறு. பழைய ஜீப் இரண்டு பக்கமும் காபிச் செடியை உரசிக்கொண்டு போனது. இந்தப் பக்கத்து ஊர்களில் பல்கலைக்கழகத்திலிருந்து யார் வந்தாலும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். அர்னுல்ஃபோவைக்கூட "வாங்க டாக்டர்" என்றுதான் வரவேற்றாள் ஓஃபிர். அவர் மறுக்கவில்லை. தொப்பியை எடுத்துத் தலையசைத்தார்.

ஓஃபிருக்கு அறுபது வயதிருக்கும். ஊர்ப் பொதுக்கூடத்தில் பெரிய பாத்திரத்தில் சோளமாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு, முதல் வேலையாக இரண்டு பேருக்கும் சூடாக வெல்லத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். குளிருக்கு இதமாக இருந்தது. யோலிமா ஒன்று குடித்து, இரண்டாவதும் வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் ஓஃபிர் கடிதத்தைப் படித்தாள். நிதானமாக, வாய்விட்டு, ஒவ்வொரு சொல்லாக. படித்து முடித்து நிமிர்ந்தாள்.

"பெரும்பயன் அடைஞ்சோமா? எங்ககிட்ட யாரும் சொல்லவே இல்லியே, டாக்டரம்மா!"

நூபியாவின் குழு முன்பு ஊரில் நடத்திய கூட்டத்தின் வருகைப் பட்டியலை யோலிமா ஃபைலிலிருந்து எடுத்துக் காட்டினாள். "கூட்டத்துக்கு எல்லாரும் வந்திருக்கீங்களே. முப்பத்தேழு கையெழுத்து இருக்கு."

ஓஃபிருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அன்னிக்கு இலையில கட்டின கோழி தமால் குடுத்தாங்க. கையெழுத்துப் போட்டாத்தான் தமால். இதோ பத்தொன்பதாவது என் மருமகன். இதோ முப்பதாவது, இதுவும் அவன்தான். ரெண்டு தின்னான்."

அர்னுல்ஃபோ ஓசையில்லாமல் சிரித்தார். யோலிமாவுக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை பல்கலைக்கழகங்கள், எத்தனை அரசாங்க ஜீப்புகள் இந்தக் கூடத்துக்கு வந்து, பட்டியலை நீட்டி, படம் எடுத்துக்கொண்டு போயிருக்கும்! அந்தப் பட்டியல்களை வாங்கி 'ஆதாரம்' என்று ஃபைலில் கட்டுகிற வேலை அவளுடையதுதான்.

"அதெல்லாம் கிடக்கட்டும்" என்றாள் ஓஃபிர். "வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணியைப் பாட்டில்ல பிடிச்சுட்டுப் போனாங்களே, அது என்னாச்சு? அதை முதல்ல சொல்லுங்க. அப்புறம் எத்தனை கையெழுத்து வேணும்னாலும் போடறேன்."

"ரிசல்ட் வரலையா? வீட்டுக்கு ஒரு கவர் வந்திருக்குமே?"

"எந்தக் கவர்?"

யோலிமா வருகைப் பட்டியலைக் கீழே வைத்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், நவம்பரில், ஆய்வகத்துப் பெண் ஒருத்தி ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்தாள். உள்ளே முப்பத்தேழு கவர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்தின் பெயர். அன்றைக்கு யோலிமா அந்தத் திட்டத்தின் ஃபைலை முடித்துக்கொண்டிருந்தாள். 'ஆய்வு முடிவுகள் ஊர்மக்களிடம் ஒப்படைக்கப்பட்டனவா?' என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்கு ஆதாரம் கேட்டிருந்தது. ஆதாரம்தான் எதிரே இருக்கிறதே! டிக் போட்டாள், தேதி போட்டாள், பெட்டியைக் கட்டி ஃபைலோடு சேர்த்து மூன்றாவது அலமாரியில் ஏற்றினாள். ஊருக்கு ஆய்வகம் தனியாக அனுப்பியிருக்கும் என்று நினைத்தாள். ஆய்வகமோ, பெட்டி உதவிப் பிரிவுக்குப் போய்விட்டது, இனி அவர்கள் அனுப்புவார்கள் என்று நினைத்தது.

யாரும் பொய் சொல்லவில்லை. ஃபைலில் எல்லாம் சரியாக இருந்தது. ஊருக்குப் போக வேண்டியதும் அதற்குள்ளேயே இருந்தது.

அந்தக் கவர்களுக்குள் என்ன எழுதியிருக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். நூபியாவின் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தபோது, வாழ்த்துச் செய்தி தயாரித்து நுழைவாயிலில் ஒட்டியவளே அவள்தான். ஊருக்கு இரண்டு ஊற்று. மேல் ஊற்று சுத்தம். கீழ் ஊற்றுக்கு மேலே யாரோ எந்தக் காலத்திலோ பழைய பேட்டரிகளை உருக்கியிருக்கிறார்கள். அதில் காரீயம்.

கையில் இருந்த கோப்பையைப் பார்த்தாள்.

"ஓஃபிர் அம்மா, இது எந்த ஊத்துத் தண்ணி?"

"கீழ் ஊத்து. இந்தக் கூடத்துக்கும், இந்தப் பக்கத்து ஒன்பது வீட்டுக்கும் அதுதான். பயப்படாதீங்க, நல்லாக் கொதிக்க வச்சதுதான்."

காரீயம் கொதித்தால் போகாது. இரண்டாம் ஆண்டோடு நின்றவளுக்கும் அது தெரியும்.

*

அந்த ஊரில் கால்பந்து மைதானத்துக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில்தான் செல்போன் எடுக்கும். யோலிமா அங்கே போய் நின்று தங்கையைக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவைதான் எடுத்தாள்.

"தேர்வு நடக்குதுக்கா. கையெழுத்து வாங்கிட்டியா?"

"கவர் எதுவும் இவங்களுக்கு வரலை. முப்பத்தேழும் என் அலமாரியில இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம். "என்னக்கா சொல்றே? நாங்க உங்க பிரிவுக்கு அனுப்பிட்டோமே!"

"ஆமா, அனுப்பினீங்க. நான் வாங்கினேன். ஒப்படைச்சாச்சுன்னு டிக் போட்டேன். கீழ் ஊத்துத் தண்ணியை இவங்க இன்னும் குடிச்சிட்டு இருக்காங்க, நூபியா."

நூபியாவின் குரல் தாழ்ந்து வந்தது. "இப்ப ஒண்ணும் சொல்லிடாதே. நாலு மணி தாண்டட்டும். நாளைக்கு நானே வந்து பக்குவமா எடுத்துச் சொல்றேன். நீ பாட்டுக்குச் சொன்னா ஊரே பயந்துபோயிடும்."

"மத்தியானச் சமையலுக்கு எந்தத் தண்ணியை எடுக்கச் சொல்றே?"

நூபியா அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனாள்.

"ரெண்டு வருஷம் போயிடுச்சு. இன்னும் ஒரு நாள்தானேக்கா."

"இதை நீ விருது வாங்கின மேடையில நின்னு சொல்லுவியா?"

"டிக் போட்டது நீ! உன் பேர்தான் முதல்ல கெடும், யோசிச்சுக்கோ!"

"யோசிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு யோலிமா போனை அணைத்தாள். கோபம்கூட வரவில்லை. உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. ஓய்வு பெற இன்னும் மூன்றே வருடம். அந்தக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு அப்படியே நின்றுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

திரும்பிப் போய், ஓஃபிரை உட்காரவைத்து, எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள். கீழ் ஊற்றில் காரீயம் இருக்கிறது, குடிக்கக் கூடாது, கொதிக்க வைத்தாலும் கூடாது, சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்பக் கெடுதல், மேல் ஊற்று நல்ல தண்ணீர். கடிதங்கள் வராததற்குத் தானும் காரணம் என்றும் சொன்னாள்.

ஓஃபிர் கத்தவில்லை. கழுவியும் நகக்கண்ணில் மாவு ஒட்டியிருந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கெல்லாம் எத்தனை நாளாத் தெரியும்?"

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா" என்று அவளும் ஒரு தடவை சொன்னாள். எழுந்து, கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். யோலிமாவும் அர்னுல்ஃபோவும் பின்னால் ஓடினார்கள். சரிவில் நூறடி இறங்கினால் கீழ் ஊற்றின் தொட்டி. ஓஃபிர் குனிந்து வால்வைத் திருகினாள். அது துருப்பிடித்து நகர மறுத்தது. அர்னுல்ஃபோவும் கைகொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து நாலு சுற்று சுற்றினார்கள். தண்ணீர் நின்றது.

கட்டுரை வந்து, விருது வந்து, பாராட்டுக் கூட்டம் நடந்து இரண்டு வருடமாகச் செய்யாத காரியத்துக்குப் பத்து நிமிடம்தான் ஆனது. யோலிமாவுக்கு அதை நினைத்ததும் அழுகை வந்தது. அழுதாள்.

"அழறதை வண்டியில வச்சுக்கோங்க" என்றாள் ஓஃபிர். "டாக்டரம்மா" என்று சேர்க்கவில்லை. "லெட்டர் வேணும்னீங்களே, நானே எழுதி போன்ல அனுப்பறேன். உங்க தங்கச்சி எழுதின மாதிரி அழகா இருக்காது."

"நாலு மணிக்குள்ள..."

"முதல்ல ஒன்பது வீட்டுக்கும் நான் போகணும். அப்புறம்தான் உங்க நாலு மணி."

*

அலுவலகத்துக்கு வந்து சேர மணி ஒன்றரை. யோலிமா ஏணி போட்டு ஏறி, மூன்றாவது அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கினாள். ஒட்டிய கவர்கள் ஒட்டியபடியே இருந்தன. அப்புறம் கம்ப்யூட்டரைத் திறந்து, தங்கையின் குழுவுக்கான படிவத்தில், முடிவுகள் ஒப்படைக்கப்பட்ட தேதி என்ற இடத்தில் தான் போட்ட பழைய தேதியை அழித்துவிட்டு இன்றைய தேதியைப் போட்டாள். காரணம் கேட்டது. நாலு வரியில், தன் பெயரையும் சேர்த்து, நடந்ததை அப்படியே எழுதினாள். அனுப்புகிற பொத்தானை அழுத்தக் குழுத் தலைவியால்தான் முடியும்.

மூன்று மணிக்கு நூபியா வந்தாள். நின்றபடியே திரையைப் படித்தாள்.

"இதை அனுப்பினா எங்க குழு அவ்வளவுதான். தெரியுமில்ல?"

"தெரியும்."

"உன்னையும் விசாரிப்பாங்க. மூணு வருஷத்துல ஓய்வு பெறப்போறே."

"அதுவும் தெரியும்."

"பழைய தேதியே இருக்கட்டும்க்கா. இன்னிக்கு சொல்லியாச்சுல்ல? தண்ணியை மூடியாச்சுல்ல? இனிமே யாருக்கு என்ன நஷ்டம்? இந்த ஆய்வகம் இல்லைன்னா அந்தக் காரீயத்தை யார் கண்டுபிடிச்சிருப்பா, சொல்லு!"

இது நியாயம்தான். நூபியா கண்டுபிடிக்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. யோலிமா மறுக்கவில்லை.

"கண்டுபிடிச்சது நீ. அதுல எனக்குப் பெருமைதான்டி, வாசல்ல ஒட்டினேனே. ஆனா ஆரம்பத்துலயே என்னைக் கூப்பிட்டிருந்தா முதல் நாளே கேட்டிருப்பேன். ரிசல்ட் வந்தா யார் கொண்டுபோறது? எந்த வண்டியில? படிக்கத் தெரியாத வீட்டுல யார் படிச்சுக் காட்டறது? கெட்ட செய்தின்னா முதல்ல யார்கிட்ட சொல்றது? எங்க வேலை அதுதான். நீங்க எங்களை ஃபைல் கட்டத்தான் கூப்பிடறீங்க. நாங்களும் ஃபைல் கட்டறதுதான் வேலைன்னு நம்பிட்டோம். அந்த நம்பிக்கையிலதான் டிக் போட்டேன்."

நூபியா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சுட்டியில் கை வைத்திருந்தாள், ஆனால் அழுத்தவில்லை. பழைய தேதியைத் திரும்பப் போடவும் இல்லை. மணி மூன்றரை ஆயிற்று.

மூன்று நாற்பதுக்கு யோலிமாவின் போனில் ஒரு படம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள், பேனா எழுத்து, கீழே சங்கத்தின் ஊதா சீல். யோலிமா அதைத் திரையில் பெரிதாக்கினாள். நூபியா வாய்விட்டுப் படித்தாள்.

'பல்கலைக்கழகத்தார் எங்கள் தண்ணீரின் முடிவை இன்று காலை பத்தேமுக்கால் மணிக்குச் சொன்னார்கள். பத்து ஐம்பத்தைந்துக்குக் கீழ் ஊற்றை மூடிவிட்டோம். இதற்கு முன் யாரும் சொல்லவில்லை. இது உண்மை. அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளின் பெயர்களும் வயதும் கீழே எழுதியிருக்கிறேன். இவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள். ஓஃபிர் மருலாண்டா.'

பதினோரு பெயர்கள். யெய்னர், பன்னிரண்டு வயது. தலியானா, ஒன்பது. லூஸ் டாரி, ஏழு. நூபியா ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். கடைசி இரண்டு பெயரை இரண்டு தடவை படித்தாள்.

மரியேலா, பதினாலு மாசம். எமிலியானோ, எட்டு மாசம்.

"என் கட்டுரை வந்தப்போ இவங்க ரெண்டு பேரும் பொறக்கவே இல்லை" என்றாள் நூபியா.

நூபியா கடிதத்தைப் படிவத்தோடு இணைத்தாள். மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பொத்தானை அழுத்தினாள். 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று திரையில் வந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மேஜைத் தொலைபேசி அடித்தது. ஆராய்ச்சித் துறைத் தலைவரின் எண். அது அடித்து அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"அத்தானை வண்டி எடுக்கச் சொல்லுக்கா. நானும் வரேன்."

"இப்பவா? அங்க உன்னை யாரும் வாங்கன்னு கூப்பிடப்போறதில்லை."

"கூப்பிட வேண்டாம்."

நூபியா கவர்ப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். வாசல்வரை போனவள் நின்றாள். திரும்பி அக்காவைப் பார்த்தாள். பதினோரு வருடமாகத் தண்ணீரை அளந்தவள், பதில் தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"எட்டு மாசக் குழந்தைக்குப் பால் பவுடரை எந்தத் தண்ணியில கரைச்சிருப்பாங்கக்கா?"